கோடு போடும்போது நாங்கள் எங்கே இருந்தோம்?

ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்று ஒரு தொகுதி ஒன்ராறியோ மாகாணசபையில் இருந்தது. 1999 ஜூன் தேர்தலில் பிறந்து, 2018 ஜூன் தேர்தலோடு இல்லாமற்போனது. வடக்கே ஸ்ரீல்ஸ் வீதி, தெற்கே 401 நெடுஞ்சாலை, நடுவில் மில்லிக்கன், வட அஜின்கோர்ட், மால்வேர்ன், கிழக்கே ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கனடாவில் எங்கள் சனம் மிக நெருக்கமாகக் குடியேறிய இடங்களில் அதுவும் ஒன்று. அந்தத் தொகுதியைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரே கதைதான் வரும். "2016இல் இரண்டு தமிழர் கேட்டவை, வாக்குப் பிரிஞ்சது, கொரியன் வெண்டிட்டார். எங்களுக்குள்ள ஒற்றுமை இல்லை." கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன், செத்தவீட்டு வாசலிலும் கேட்டிருக்கிறேன்.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மால்வேர்னுக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையத்தில் வேலைக்குப் போவேன். பட்டியலில் பெயர் தேடிக் கோடு கீறி, வாக்குச்சீட்டை மடித்துக் கொடுக்கும் வேலை. அந்த மேசையில் இருந்து இந்தத் தொகுதியைப் பார்த்தவளாகச் சொல்கிறேன், அந்தக் கதை பிழை. அது எங்கள் கண்ணை வேட்பாளரின் முகத்திலேயே நிறுத்திவைத்துவிட்டது. தொகுதியின் எல்லையை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று நாங்கள் விசாரித்ததே இல்லை.

முதலில் 2016ஐ ஒழுங்காகப் பார்ப்போம். லிபரல் கட்சியின் பாஸ் பல்கிசூன் அந்த வருடம் மார்ச்சில் பதவி விலகினார். செப்ரெம்பர் 1ஆம் திகதி இடைத்தேர்தல். லிபரல் சார்பில் பிரகல் திரு, என்.டி.பி. சார்பில் நீதன் சாண், கன்சவேட்டிவ் சார்பில் நகரசபை உறுப்பினர் றேமண்ட் சோ. முடிவு ஏறத்தாழ 39 சதவீதம் சோவுக்கு, 29 பிரகல் திருவுக்கு, 27 நீதனுக்கு. இரண்டு தமிழருடைய வாக்கையும் கூட்டினால் 56 வருகிறது. கூட்டிப் பார்த்துத்தான் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஆனால் அந்த 56ஐக் கூட்டுவதற்கு எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? லிபரலுக்கு விழுந்த 29இல் எத்தனை யமேக்கர், எத்தனை சீனர், எத்தனை பிலிப்பீனர்? நீதனுக்கு விழுந்ததில் தொழிற்சங்கக்காரர் எத்தனை பேர்? அவர் 2011, 2014 தேர்தல்களிலும் அதே தொகுதியில் நின்று இரண்டு தடவையும் இரண்டாம் இடத்துக்கு வந்தவர். அந்த வாக்குகள் அவர் கதவு கதவாகத் தட்டிச் சேர்த்தவை. வெறும் பெயருக்கு விழுந்தவை அல்ல. வென்ற சோவும் வானத்திலிருந்து விழுந்தவரல்லர். 1991 முதல் உள்ளூராட்சியில் இருந்தவர். 1988 மத்திய தேர்தலில் இதே பெயருள்ள தொகுதியில் என்.டி.பி. வேட்பாளராக நின்றவர். கட்சி மாறி வந்தாலும் தெருவை மாற்றாதவர். என் வீட்டுத் தெருவிலேயே அவருக்கு வாக்குப் போட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. லிபரல் அரசு மாற்றிய பாலியல் கல்விப் பாடத்திட்டம் அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. கன்சவேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுணின் பெயரில் ஒரு கடிதம் வீடுகளுக்கு வந்தது. வென்றால் அந்தப் பாடத்திட்ட மாற்றங்களை நீக்குவோம் என்று அதில் இருந்தது. வாக்களிப்புக்குச் சில நாள் முன்னர் பிரவுணே அந்தக் கடிதம் தவறு என்று பின்வாங்கினார். அதற்குள் கடிதம் சமையலறை மேசைகளில் வாசிக்கப்பட்டுவிட்டது.

அதைவிடப் பெரிய விடயம் மின்கட்டணம். குளிர்காலத்தில் அடித்தளத்தில் குடியிருப்போருக்கும் மேலே வீட்டுக்காரருக்கும் இடையே எத்தனை சண்டையை அந்த பில் மூட்டியது என்று மால்வேர்னில் இருந்தவர்களைக் கேளுங்கள். இடைத்தேர்தலில் தோற்ற கையோடு முதலமைச்சர் கத்லீன் வின் சபையை ஒத்திவைத்தார். செப்ரெம்பர் 12ஆம் திகதி புதிய கூட்டத்தொடர் உரையில் மின்கட்டணத்தில் 8 சதவீதக் கழிவு அறிவிக்கப்பட்டது. மின்கட்டணம் பற்றிய கோபத்தை இந்த இடைத்தேர்தலில் வாசற்படிகளில் கேட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். 2017 ஜனவரி முதல் ஒன்ராறியோ முழுவதும் அந்தக் கழிவு கிடைத்தது. தமிழர் யாரும் வெல்லாத அந்தத் தேர்தலில், ஸ்காபரோவின் ஒரு மூலையில் இருந்த வாக்காளர் மாகாணம் முழுவதற்கும் மின்கட்டணத்தைக் குறைப்பித்தார்கள். அதை ஒரு கலியாண வீட்டிலும் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இனி இந்தத் தொகுதி மாகாணசபைக்கு யாரை அனுப்பியது என்று பார்க்கலாம். அதன் ஆயுள் முழுவதும் மூன்றே உறுப்பினர்கள். அல்வின் கேர்ளிங் யமேக்காவில் பிறந்தவர். பாஸ் பல்கிசூன் திரினிடாட்டில் பிறந்தவர். றேமண்ட் சோ கொரியாவில் பிறந்தவர். கனடாவில் பிறந்த ஒருவரைக்கூட அனுப்பாத தொகுதி அது. மத்தியில் இதே பெயருள்ள தொகுதிதான் 2011 மே மாதம் ராதிகா சிற்சபைஈசனை ஒட்டாவாவுக்கு அனுப்பியது. கனடாப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர் அவர். 2009இல் ஈழ யுத்தத்தை நிறுத்தக் கோரி கார்டினர் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போய் இருந்த சனம், இரண்டு வருடத்தில் வாக்குச்சீட்டோடு வரிசையில் நின்றது. தமிழ் கதைக்கத் தெரியாத பிள்ளைகள்கூட அம்மம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்ததை அந்த மேசையில் இருந்து பார்த்தேன்.

கேர்ளிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாது. 1985இல் ஸ்காபரோ வடக்குத் தொகுதியில் வென்றார்; அதுதான் ரூஜ் ரிவருக்கு முன்னிருந்த மாகாணத் தொகுதி. ஒன்ராறியோ அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். 2003 முதல் 2005 வரை சபாநாயகர். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1995 டிசெம்பர் 6. முதலமைச்சர் மைக் ஹரிஸின் அரசு, ஆஸ்பத்திரி மூடுவது முதல் ஊராட்சிகளை இணைப்பது வரை எல்லா அதிகாரத்தையும் ஒரே சட்டமூலத்தில் கட்டி, 26ஆம் இலக்கச் சட்டமூலம் என்று கொண்டுவந்தது. அதை நத்தாருக்கு முன் முடித்துவிடப் பார்த்தது. மக்களிடம் கருத்துக் கேட்கும் அமர்வுகள் வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். வாக்கெடுப்பில் கேர்ளிங் வாக்களிக்க மறுத்தார். வெளியேறச் சொன்னபோது ஆசனத்தை விட்டு எழும்பவில்லை. லிபரல், என்.டி.பி. உறுப்பினர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்றார்கள். இரவு முழுக்க சபை நகரவில்லை. மறுநாள் வழி பிறந்தது. 1996 ஜனவரியில் மாகாணத்தின் பல ஊர்களில் கருத்துக் கேட்பு நடந்தது. சட்டம் நிறைவேறத்தான் செய்தது, ஆனால் திருத்தங்களோடு. ஒரு மனிதர் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததால் சனத்துக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது. எங்கள் தொகுதிக்காரர் அவர்.

அவருக்கும் முன்னால் ஸ்காபரோ வடக்கில் 1963 முதல் 1985 வரை இருந்தவர் கன்சவேட்டிவ் கட்சியின் தோமஸ் வெல்ஸ். எழுபதுகளில் கல்வி அமைச்சர். 1977இல் ஒன்ராறியோவின் மரபுமொழித் திட்டம் அவருடைய அமைச்சின் கீழ் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் வரை, பள்ளி நேரத்துக்கு வெளியே, பெற்றோரின் மொழியைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அரசு பணம் கொடுக்கும். அப்போது இங்கே தமிழர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். இத்தாலியருக்கும் உக்ரேனியருக்கும் போர்த்துக்கேயருக்கும் திறந்த கதவு அது. அதற்குள்ளால்தான் நாங்களும் பிறகு போனோம். நான் சனிக்கிழமை காலையில் கரும்பலகையில் 'அ' எழுதுவது அந்தத் திட்டத்தின் தொடர்ச்சியாகத்தான். நைட்ஸ்ரார் வீதியில் தோமஸ் எல். வெல்ஸ் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயருக்கும் தாங்கள் பேசும் மொழிக்கும் உள்ள தொடர்பை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த வருடம் என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தொகுதியில் எங்களவர் வென்றாரா என்ற ஒரே கேள்வியால் அதன் வரலாற்றை அளக்க முடியாது. வெல்ஸும் கேர்ளிங்கும் எங்களவரல்லர். எங்கள் வாழ்க்கை அவர்களால் மாறியது.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். இந்தத் தொகுதி பிறந்ததே ஒரு வெட்டில். 1996இல் ஹரிஸ் அரசு மாகாணசபையை 130 ஆசனத்திலிருந்து 103 ஆகக் குறைத்தது. அந்தச் சட்டத்துக்கு 'அரசியல்வாதிகளைக் குறைக்கும் சட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். சனத்துக்குப் பிடித்த பெயர். மத்திய தொகுதிகளின் எல்லையை அப்படியே மாகாணத்துக்கும் எடுத்தார்கள். ஸ்காபரோவுக்கு இருந்த ஆறு மாகாண ஆசனங்கள் ஐந்தாகின. யுத்தத்திலிருந்து தப்பிவந்த குடும்பங்கள் ஒவ்வொரு மாதமும் வந்து நிறைந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஆட்கள் கூடிக்கொண்டிருந்த இடத்தில் ஆசனம் குறைந்தது. நாங்கள் அப்போது இரண்டு வேலை செய்து, ஊருக்குக் காசு அனுப்பிக்கொண்டு, குடியுரிமைச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அந்த நாளில் எங்களை யாரும் குறைசொல்ல முடியாது.

2012இல் மத்திய எல்லை ஆணைக்குழு கோட்டை மறுபடி போட்டது. அந்த நாளைக்கு எங்களிடம் சாட்டு எதுவும் இல்லை. ஒட்டாவாவில் தமிழ் உறுப்பினர் இருந்தார், வானொலிகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன, ஊர்ச் சங்கங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. ரூஜ் ரிவர் இரண்டாகப் பிளந்தது. மேற்கே ஸ்காபரோ வடக்கு, கிழக்கே ஸ்காபரோ–ரூஜ் பார்க். மால்வேர்ன் நடுவால் வெட்டுப்பட்டது. ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும், ஒரே நூலகத்துக்குப் போகும், ஒரே பேருந்துக்குக் காத்துநிற்கும் சனம் இரண்டு உறுப்பினர்களுக்குக் கீழ் போனது. 2015இல் ராதிகா புதிய ஸ்காபரோ வடக்கில் நின்று தோற்றார். புதிய ரூஜ் பார்க்கில் கரி ஆனந்தசங்கரி வென்றார். மாகாணம் புதிய கோட்டை 2018இல்தான் எடுத்தது. ஆக, 2016 இடைத்தேர்தல் மத்தியில் ஏற்கெனவே இறந்துவிட்ட ஒரு தொகுதியில் நடந்தது. இரண்டே வருடத்தில் காணாமற்போகப் போகும் ஆசனத்துக்காகத்தான் நாங்கள் இன்றுவரை ஒருவரை ஒருவர் குற்றம்சாட்டுகிறோம்.

கோடு எப்போதும் எங்களுக்கு எதிராகவே விழுந்தது என்று சொல்ல வரவில்லை. 2018இல் ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலமும், மார்க்கம்–தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் மாகாணசபைக்குப் போனார்கள். அந்த இரண்டு தொகுதிகளும் புதிய வரைபடம் தந்தவை. கோடு கொடுத்தும் இருக்கிறது, எடுத்தும் இருக்கிறது. இரண்டு வேளையும் அது எங்களைக் கேட்காமல் நடந்தது என்பதுதான் என் கவலை.

எடுத்த கதைக்கு 2018 நகரசபைத் தேர்தலே போதும். வேட்பாளர்கள் பதிவுசெய்து பிரசாரத்தில் இறங்கிய பிறகு, ஜூலை மாதம் அறிவித்து, டக் ஃபோர்டின் மாகாண அரசு ரொறன்ரோ நகரசபையின் 47 வட்டாரங்களை 25 ஆக்கியது. வட்டார எல்லையாக எடுத்தது இதே தொகுதிக் கோடுகளைத்தான். கீழ்நீதிமன்றம் தடுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் விட்டது, 2021இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்த்தது. நீதன் சாண் 2017 பெப்ரவரியில் வென்ற 42ஆம் வட்டாரத்தின் பெயரும் ஸ்காபரோ–ரூஜ் ரிவர்தான். அது அழிந்தது. புதிய பெரிய வட்டாரத்தில் நின்று ஜெனிபர் மக்கெல்வியிடம் 154 வாக்கால் தோற்றார். வாக்குப் பிரிந்த கதையை வருடக்கணக்காகச் சொல்பவர்கள், தேர்தலின் நடுவில் வட்டாரமே மாறிய இந்தக் கதையைச் சொல்வதில்லை.

தொகுதி பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன என்று கேட்பவர்களை, பெப்ரவரி மாதத்தில் பின்ச் கிழக்குப் பேருந்துக்கு விடியப்புறம் நிற்கச் சொல்வேன். 2007இல் நகரம் அறிவித்த திட்டத்தில் மால்வேர்னுக்கு இலகு ரயில் இருந்தது. ஷெப்பர்ட் கிழக்கு ரயிலுக்கு 2009 டிசெம்பரில் அடிக்கல் நிகழ்வே நடந்தது. அடுத்த டிசெம்பரில் வந்த புதிய மேயர் திட்டத்தை நிறுத்தினார். ரூஜ் ரிவர் தொகுதி உயிரோடிருந்த காலம் முழுவதும் அதற்குள் ஒரு இலகு ரயிலும் ஓடவில்லை. இருந்த ஸ்காபரோ இலகு ரயிலும், தொகுதிக்குத் தெற்கே ஓடியது, 2023 ஜூலையில் தடம்புரண்டு நின்றேபோனது. ஆசனம் குறைந்த இடத்துக்காக சபையில் கத்துவதற்கு ஆளும் குறையும்.

பேசினால் நடக்குமா என்று கேட்கலாம். நடந்தது. 2022 ஓகஸ்டில் மத்திய எல்லை ஆணைக்குழு வெளியிட்ட முதல் வரைவில் ஸ்காபரோவுக்கு ஒரு தொகுதி குறைக்கப்பட்டிருந்தது. உறுப்பினர்களும் குடியிருப்போரும் போய்ப் பேசினார்கள், எழுதினார்கள். 2023 இறுதி அறிக்கையில் வரைபடம் மாறியிருந்தது. ஆணைக்குழு என்பது எட்டமுடியாத இடமல்ல. ஒரு நீதிபதியின் தலைமையில் மூன்று பேர். மக்கள்தொகையை மட்டுமன்றி, ஒரு பகுதியில் வாழும் சமூகத்தின் பொதுநலனையும் தொகுதியின் வரலாற்றையும் கவனிக்கச் சட்டமே சொல்கிறது. எவரும் கேட்டு நேரம் எடுத்துப் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகளே போதும்.

அந்தப் புதிய மத்திய வரைபடம் 2025 ஏப்ரல் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. மாகாணமோ 2025 பெப்ரவரித் தேர்தலைப் பழைய 124 தொகுதிகளிலேயே நடத்தியது. ஹைலண்ட் கிறீக்கில் இருக்கும் என் தங்கைக்கு ஒட்டாவாவில் ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க், குவீன்ஸ் பார்க் மாகாணசபையில் ஸ்காபரோ–ரூஜ் பார்க். 2011 குடிசனக் கணக்கில் போட்ட கோட்டுக்குள் மாகாண வாக்கைப் போடுகிறாள். ஒன்ராறியோவின் தென்பகுதிக்கென்று மாகாணம் தன் ஆணைக்குழுவை வைப்பதில்லை. மத்தி போட்டதை ஒரு சட்டத்தால் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சட்டம் சபைக்கு வரும் நாளில், குழு விசாரணையைச் சுருக்கி இரண்டு நாளில் முடித்துவிட ஒரு அரசு நினைத்தால் தடுக்க எதுவுமில்லை. கேட்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவைத்தால்தான் உண்டு.

ஆகவே எங்கள் சங்கங்களிடம், குறிப்பாக வேட்பாளருக்கு இராப்போசன விருந்து வைப்பதில் கைதேர்ந்த சங்கங்களிடம், நான் கேட்பது இதுதான். அடுத்த விருந்துக்கு முன் ஒரு மாலை எல்லை வரைபடத்தை மேசையில் விரியுங்கள். மால்வேர்னில் உள்ள யமேக்கச் சபைகளையும் பிலிப்பீனக் கோயில்களையும் சீன முதியோர் குழுக்களையும் கூப்பிடுங்கள். அந்தக் கோடு அவர்களையும்தான் வெட்டியது. குவீன்ஸ் பார்க்குக்குப் போகும் கடிதம் தமிழருடைய கடிதமாக மட்டும் போகவேண்டாம்.

என்னுடைய கடிதத்தை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்று கோரிக்கைகள். மாகாணத் தொகுதி எல்லைகளை மாற்றும் சட்டமூலம் வந்தால் அதற்கு ஸ்காபரோவில், வேலைநாள் பகலில் அல்லாமல் மாலையில், பொது அமர்வு வைக்க வேண்டும். மாகாண வரைபடத்தில் இன்னும் இரண்டாகக் கிடக்கும் மால்வேர்ன் மறுபடி ஒரே தொகுதிக்குள் வர வேண்டும். நகரசபை வட்டாரங்களைத் தேர்தல் காலம் தொடங்கிய பிறகு எந்த அரசும் மாற்ற முடியாதபடி சட்டத்தில் எழுத வேண்டும். கையெழுத்திட விரும்புவோர் சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில் வாருங்கள். பெற்றோர் பிள்ளைகளை ஏற்ற வரும் நேரம் அது.